வாசகர் கேள்விகள்: தூதரகத்தின் பின்வாசல்

கே: தூதரகங்களில் குண்டு வெடிக்கும்போதெல்லாம் ‘உளவுத்துறை கோட்டைவிட்டது’ என்று எழுதிவிடுகிறீர்கள். வெடிக்காமல் தடுத்தது எங்களுக்குத் தெரியவா போகிறது? பாவம், அவர்கள் என்னதான் செய்வார்கள்? (விருதுநகர் வாசகர்)

ப: பாவம்தான். ஆனால் கென்யத் தலைநகர் நைரோபி விஷயத்தில் எனக்கு அந்த இரக்கம் வரவில்லை.

1998 ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி கடந்த நேரம். அமெரிக்கத் தூதரகத்தின் பின்வாசலுக்கு ஒரு லாரி வந்தது. தடுப்புக் கட்டையைத் தூக்கச் சொன்னார்கள். ஆயுதம் எதுவும் இல்லாத உள்ளூர்க் காவலாளி முடியாது என்றுவிட்டார். லாரியில் வந்த அல்கொய்தாக்காரர்களில் ஒருவன், அல்-ஓவாலி, கீழே குதித்து ஓசைக்குண்டு ஒன்றை வீசினான். காவலர்கள் வானொலிக் கருவியில் உள்ளே இருந்த மரைன் வீரருக்குச் சொல்ல முயன்றார்கள், கிடைக்கவில்லை. தொலைபேசியும் வேறு பேச்சில் இருந்தது. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து அலுவலகங்களில் இருந்தவர்கள் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு வந்தார்கள். அடுத்து வெடித்ததுதான் பெரிய குண்டு. அன்று பார்வை இழந்தவர்கள் பலரும் கண்ணாடிச் சில்லுகளால் இழந்தவர்கள். இறந்தவர்கள் 213 பேர். அமெரிக்கர்கள் அதில் 12 பேர்தான். பக்கத்திலிருந்த உஃபுண்டி மாளிகை அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஏறக்குறைய அதே நேரத்தில் தான்சானியாவின் தாருஸ்ஸலாமிலும் ஒரு குண்டு. அங்கே 11 பேர்.

இதற்கு முன்னால் என்ன தெரிந்திருந்தது? அல்கொய்தா தலைவர் பின் லாடனின் பழைய செயலாளர் ஒருவர் நைரோபியில் குடியிருந்தார். 1997 ஆகஸ்டிலேயே அமெரிக்க, கென்ய அதிகாரிகள் அவர் வீட்டைச் சோதனையிட்டு, கணினியை எடுத்துப் போயிருந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் அல்கொய்தாவின் ஒரு குழு இயங்குகிறது என்பதற்கான கடிதம் அதிலேயே இருந்தது. தூதர் புரூடென்ஸ் புஷ்னெல் ‘இரண்டு பெருஞ்சாலைகள் கூடும் முனையில், தெருவை ஒட்டி நிற்கிறது இந்தக் கட்டடம், வேறு இடம் கொடுங்கள்’ என்று வாஷிங்டனுக்கு எழுதினார். வெளியுறவு அமைச்சர் ஆல்பிரைட்டுக்கே நேராகவும் எழுதினார். பணம் இல்லை என்பதே பதிலின் சாரம். லெபனானில் இருந்த அமெரிக்காவின் பெய்ரூத் தூதரகம் 1983இல் தகர்க்கப்பட்ட பிறகு, தெருவுக்கும் தூதரகத்துக்கும் நூறு அடி இடைவெளி வேண்டும் என்று 1985இல் பரிந்துரைத்ததும் இதே அமெரிக்க அரசு அமைத்த குழுதான்! நைரோபி குண்டுவெடிப்பை விசாரித்த குழு பின்னர், குறிப்பிட்ட உளவு எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றது. நாளும் நேரமும் குறித்து யாரும் சொல்லவில்லை, சரி. தெரு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உளவாளி எதற்கு?

அதன்பின் நடந்த துப்புத்துலக்கலைக் குறை சொல்ல மாட்டேன். லாரியோடு சாகவேண்டிய அல்-ஓவாலி கடைசி நொடியில் ஓடிவிட்டான். முதுகில் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனவன், கையிலிருந்த சாவிகளையும் தோட்டாக்களையும் அங்கே கழிவறையில் ஒளித்துவைத்தான். அவற்றைக் கண்டெடுத்தவர் துப்புரவுப் பணியாளர். பிடிபட்டதும், தானும் குண்டில் அடிபட்ட அப்பாவி என்றான். உடம்பில் தையல், போட்டிருந்த உடுப்பிலோ ஒரு சொட்டு ரத்தக் கறை இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி அதைத்தான் பிடித்துக்கொண்டார். சில நாள்களில் அவன் வாயிலிருந்து ஏமன் நாட்டுத் தொலைபேசி எண் ஒன்று வந்தது. ஊரைவிட்டுத் தப்பப் பணம் கேட்டு அவன் பேசிய எண் அது.

என் கோபம் இந்த எண்ணில்தான் இருக்கிறது. அது அல்கொய்தாவின் தபால் நிலையம் மாதிரி. எல்லாச் செய்தியும் அந்த எண் இருந்த வீட்டைத் தொட்டுப் போயிற்று. அமெரிக்கா ஒட்டுக்கேட்டது. அந்த வீட்டு மருமகன் காலித் அல்-மிதார், 2000 ஜனவரியில் அல்கொய்தாக்காரர்கள் கூடிய கோலாலம்பூர் கூட்டத்துக்குப் போனது தெரிந்தது. அவன் பாஸ்போர்ட்டை நகல் எடுத்ததில், அமெரிக்க விசா இருப்பதும் தெரிந்தது. அமெரிக்க வெளிநாட்டு உளவுத்துறையான சி.ஐ.ஏ. அதை எஃப்.பி.ஐ.யிடம் முறையாகச் சொல்லிக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கும்போது 2001 ஆகஸ்ட் கடைசி. செப்டம்பர் 11 அன்று பென்டகனில் மோதிய விமானத்தில் அல்-மிதார் இருந்தான். ஆக, ‘என்ன செய்ய முடியும்’ என்று கேட்டீர்கள் அல்லவா? பக்கத்து அறைக்காரனிடம் சொல்லியிருக்க முடியும்.

கே: அமெரிக்கா உடனே ஏவுகணை வீசிப் பாடம் புகட்டியதே? (ஆம்பூர் வாசகி)

ப: பதின்மூன்றாம் நாள் வீசியது. ஆப்கானிஸ்தானின் கோஸ்த் முகாம்களில் பின் லாடன் இல்லை. சூடானில் விழுந்த இடம் அல்-ஷிஃபா மருந்துத் தொழிற்சாலை. ரசாயன ஆயுதம் என்று சொன்னதற்கு முக்கிய ஆதாரம், அருகே அள்ளிவந்த மண் மாதிரி. யாருக்குப் பாடம் என்று நீங்களே சொல்லுங்கள். குற்றவாளிகளில் நால்வருக்கு 2001இல் நியூயார்க் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது; அது சாட்சி, சாவி, வாக்குமூலத்தால் வந்தது.

கே: காபூலில் நம் தூதரகம் தாக்கப்பட்டபோது? (கடலூர் வாசகர்)

ப: 2008 ஜூலை 7. தூதரகக் கார் வாசலில் நுழையும் நேரம் பார்த்துக் குண்டு நிரப்பிய காரால் மோதினார்கள். ராணுவ அதிகாரி பிரிகேடியர் மேத்தா, தூதரக அதிகாரி வெங்கடேஸ்வர ராவ், காவல் நின்ற இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் இறந்தனர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதில் பெரும்பாலானவர்கள் ஆப்கானியர்கள்; விசாவுக்காக வந்து நின்றவர்களும் அதில் உண்டு. பாகிஸ்தான் உளவுத்துறை ஐ.எஸ்.ஐ.யின் தொடர்பை அமெரிக்கர்களே ஒட்டுக்கேட்டதாக அடுத்த மாதம் செய்தி வந்தது, பாகிஸ்தான் மறுத்தது. 2009 அக்டோபரில் மறுபடி தாக்கினார்கள். பலப்படுத்திய சுவர் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. 17 பேர் வெளியே இறந்தார்கள்.

கே: தூதரக வளாகம் அந்தந்த நாட்டின் சொந்த மண்தானே, பாதுகாப்பும் அவர்கள் பொறுப்புதானே? (ஈரோடு வாசகி)

ப: இரண்டும் இல்லை. மண் விருந்தளிக்கும் நாட்டுடையதுதான். அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, அவ்வளவே. காப்பதும் அந்த நாட்டின் கடமை என்கிறது 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை. ஈரானின் டெஹ்ரானில் 1979இல் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தபோது அரசே முற்றுகைக்காரர்கள் பக்கம் நின்றது. சர்வதேச நீதிமன்றம் ஈரானைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது 1980 மே மாதம். பணயக் கைதிகள் 52 பேர் வெளியே வந்தது 1981 ஜனவரியில்.