ஒரே ஊரின் மொழி

கேள்வி: பேச்சிப்பாறைப் பக்கம் காணிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒரே ஒரு ஊரில் மட்டும் பேசும் மொழி உலகில் உண்டா?
– ஒரு ஆசிரியை, குலசேகரம்

பதில்: அப்படி ஒன்று இருந்தது டீச்சர். பப்புவா நியூ கினியில், செபிக் ஆற்றுப் பக்கத்துச் சதுப்புக் காட்டுக்குள் காபுன் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது, அங்கே மட்டும் பேசிவந்த தயாப் மொழிக்கு உலகத்தில் வேறெந்த மொழியோடும் உறவு தெரியவில்லை. நாம் மரச்சீனியில் ஜவ்வரிசி எடுக்கிறோம் அல்லவா, அவர்கள் சேகோ பனையின் தண்டை இடித்து மாவு எடுத்துச் சாப்பிடுகிறவர்கள்.

1980களில் மானிடவியலாளர் டான் குலிக் அங்கே போய்த் தங்கியபோதே பிள்ளைகள் தயாப் பேசுவதை விட்டு, நாட்டின் பொதுமொழியான டோக் பிசினுக்கு மாறியிருந்தார்கள். யாரும் தடை போடவில்லை. பிள்ளைகள்தான் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று பெற்றோர் குறைப்பட்டார்கள், ஆனால் கவனித்தால் அவர்களே பிள்ளைகளிடம் டோக் பிசினில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்! எனக்கு மனசைப் பிசைந்த விஷயம் இதுதான். இன்று தயாப் பேசுவோர் 50 பேருக்கும் குறைவு.

சரி, உங்கள் பிள்ளைகளிடம் வருவோம். காட்டுச் செடிகளுக்குப் பாட்டிமார் சொல்லும் பேர்களை அவர்களையே கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள், அதை வகுப்பில் சத்தமாக வாசிக்க விடுங்கள், அப்புறம் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.