நீர்முள்ளி நிற்கும் கரையில் மயில் வசீகரன்

கண்மாய்க்கரைப் பட்டாம்பூச்சிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

மேலூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, எங்க கண்மாய்க்கரையில ஆரஞ்சு நிறத்துல, இறக்கையில மயிலிறகுக் கண் போட்ட மாதிரி ஒண்ணு பார்த்தேன். அபூர்வமானதா?

அது மயில் வசீகரன், தம்பி. இங்கிருந்து ஜப்பான் வரை இருக்கிற இனம்தான், அபூர்வம் இல்லை. ஆனால் உங்கள் கண்மாயில் அது இருக்குமா என்பதை நீர்முள்ளியும் பொடுதலையும்தான் தீர்மானிக்கின்றன. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அதே பொடுதலை. தாய்ப்பூச்சி இந்த மாதிரிச் செடிகளின் இலைகளில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். அதனால் புதிதாக ஒரு கண்மாய்க்குப் போனால் நான் பூச்சியைத் தேடுவதில்லை. குனிந்து செடியைத்தான் தேடுவேன்.

அலங்காநல்லூர், ஒரு ஆசிரியை: பங்குனியில் நான் பார்த்தது இறக்கையை மூடியதும் காய்ந்த சருகு மாதிரியே இருந்தது. அடிப்பக்கம் கண்ணே இல்லை. அது வேறு இனமா?

அதுவும் மயில் வசீகரன்தான், டீச்சர்! இந்தப் பூச்சியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். மழைக்காலத்தில் பிறப்பதற்கு இறக்கையின் ஓரம் வளைவாக இருக்கும், அடிப்பக்கத்திலும் கண்கள் இருக்கும். குருவி கொத்தினாலும் கண்ணைப் பார்த்து இறக்கை ஓரத்தைக் கொத்தும், உடம்பு தப்பிவிடும். வறண்ட காலத்தில் பிறப்பதற்கு முனை கொக்கிபோல் நீண்டு, அடிப்பக்கம் வெறும் பழுப்பாகி, இலை நரம்பு மாதிரி ஒரு கோடு மட்டும் ஓடும். கண்மாய் வற்றி, புல் வைக்கோலாகக் கிடக்கும்போது சருகோடு சருகாகக் கிடப்பதே அதற்குப் பாதுகாப்பு. இறக்கையை விரித்தால் மேலே அதே மயில் கண் தெரியும். எந்த உருவம் என்பது வளரும்போதே முடிவாகிவிடும். பூச்சியாக வெளிவந்த பிறகு மாறாது.

திருமங்கலம்: நீர்முள்ளியில் கறுப்பா முள்ளுமுள்ளா ஒரு புழு. பிள்ளைகள் தொட்டால் அரிக்குமா?

அரிக்காது. முள் பார்வைக்குத்தான். தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழு ஆகும். முட்டையிலிருந்து பூச்சி வர ஏறக்குறைய ஒரு மாதம். பிள்ளைகள் செடியிலேயே வைத்துப் பார்க்கட்டும்.

கல்லூரி மாணவர்: ஐரோப்பாவில் ஈரப்புல்வெளியில் எறும்புகளால் வளர்க்கப்படும் பட்டாம்பூச்சி ஒன்று உண்டாமே, உண்மையா?

உண்மைதான். ஆல்கான் நீலன். ஜென்ஷியன் என்ற பூச்செடியின் மொட்டில் வெள்ளை முட்டை வைக்கும். புழு பூவுக்குள் சில வாரம் தின்றுவிட்டுத் தரையில் விழும். அதன் உடம்பு மணம் எறும்புக் குஞ்சின் மணம்போலவே இருப்பதால், மிர்மிகா என்ற வகை எறும்பு தன் குஞ்சு என்று நம்பிப் புற்றுக்குத் தூக்கிப்போகும். குயில் குஞ்சைக் காகம் வளர்க்கும் கதைதான். அங்கே 11 மாதமோ 23 மாதமோ வளர்ந்து, கூட்டுப்புழுவும் ஆகி, பூச்சியானதும் எறும்புகள் சுதாரிப்பதற்குள் வெளியே ஓடிவர வேண்டும். செடி, எறும்பு, ஈரமண், மூன்றில் ஒன்று போனாலும் அந்த இடத்தில் அது இல்லை.

அதே மாணவர்: அப்போ நம்ம கண்மாய்க்கரைக்கும் வேலி போட்டுக் காப்பாற்றலாமா?

வேண்டாம் தம்பி. ஆல்கானின் நெருங்கிய உறவான பெரிய நீலனுக்கு இங்கிலாந்தில் வேலி போட்டுப் பார்த்தார்கள். மாடு மேயாததால் புல் உயர்ந்தது, நிழலில் மண் குளிர்ந்தது, அதற்கு வேண்டிய எறும்பு போய்விட்டது. 1979-இல் பூச்சியும் அங்கே அற்றுப்போனது. பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து, மேய்ச்சலையும் சரிசெய்துதான் மீட்டார்கள். நம் கரையிலும் ஆடுமாடு மேயட்டும்.

வாடிப்பட்டி, ஒரு அக்கா: நூறு நாள் வேலையில் கரையைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்யட்டும்?

சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள் அக்கா, அதில் தயக்கமே வேண்டாம். நீர்முள்ளியை மட்டும் ஒரே நாளில் முழுக்க வெட்டிவிடாதீர்கள். மதகுப் பக்கம் ஒரு பத்தடி விட்டுவைத்து, மீதியை வெட்டுங்கள். வெட்டிய பக்கம் தளிர்த்த பிறகு அந்தப் பத்தடிக்கு வாருங்கள். அதற்குள் அங்கே தொங்கும் கூடுகள் திறந்திருக்கும்.