முறைப்பாட்டு மென்பொருள்: வாங்குமுன் கொம்பனியின் சரித்திரத்தைப் பாருங்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையின் கணினிப் பிரிவைப் பார்க்கிறேன். பிரின்ரர் ஓடவில்லை, நெற் இல்லை என்று வார்டுகளிலிருந்து வரும் முறைப்பாடெல்லாம் வட்ஸ்அப்பில்தான். இதற்கென்று ஒரு மென்பொருளை மாதச் சந்தாவுக்கு எடுக்கச் சொல்கிறார்கள். நாளைக்கு அந்தக் கொம்பனி கைமாறினால் எங்கள் பதிவுகள் என்னாகும்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. இந்தத் துறையில் கொம்பனிகள் கைமாறுவது புதிதல்ல. 1990இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ரெமெடி, பெரிய நிறுவனங்கள் நம்பி எடுத்த முறைப்பாட்டு மென்பொருள். 2001இல் அதைப் பெரெகிரின் சிஸ்டம்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் கொம்பனி வாங்கியது. அடுத்த வருடமே பெரெகிரினில் வருமானத்தைக் கூட்டிக்காட்டிய கணக்கு மோசடி வெளிவந்து, செப்ரெம்பரில் வங்குரோத்து. ரெமெடி பி.எம்.சி. என்ற வேறொரு மென்பொருள் கொம்பனியிடம் போனது. மிச்சப் பெரெகிரினை 2005இல் எச்.பி. எடுத்தது.

பெரெகிரினின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த பிரெட் லடி பிறகு தொடங்கியதுதான், இதே வகை மென்பொருளை விற்கும் இன்றைய சேர்விஸ்நவ் கொம்பனி. 2012இல் நியூயோர்க் பங்குச் சந்தைக்கு வந்தது. அவர் மென்பொருளை பிரவுசர் வழியே வாடகைக்குக் கொடுத்தார். உங்களுக்கு முக்கியமான மாற்றம் அங்கேதான். ரெமெடி காலத்தில் முதலாளி மாறினாலும் பதிவுகள் வாங்கியவரின் சொந்த சேர்வரில் கிடந்தன. சந்தா முறையில் அவை கொம்பனியின் சேர்வரில்.

ஆகவே கையெழுத்துப் போடுமுன், இலவசத் தவணையிலேயே பத்து முறைப்பாடுகளைப் படம், பதில்களோடு போட்டு, அவ்வளவையும் வெளியே இறக்கிப் பாருங்கள். பல இடங்களில் தலைப்பும் திகதியும் மட்டும் எக்ஸெலில் வரும். ஆர் என்ன செய்து பழுதைத் தீர்த்தார் என்ற உரையாடல் வராது. பிறகு உதவப்போவது அதுதான். ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை நாள் பதிவுகளை வைத்திருப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சந்தா டொலரிலா என்றும் கேளுங்கள். 2022இல் சில கிழமைகளுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டதை நாங்கள் பட்டு அறிந்தவர்கள்.

உங்கள் அளவுக்கு நான் சொல்வது ஜி.எல்.பி.ஐ. 2003 முதல் இருக்கும் திறந்த மூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், இலவச) முறைப்பாட்டு மென்பொருள். சொந்த சேர்வரில் ஓடும், கணினி, பிரின்ரர் இருப்புக் கணக்கையும் வைத்திருக்கும். இலவசம் என்பதற்காக அசண்டையாக இருக்க வேண்டாம், ஓ.ரி.ஆர்.எஸ். என்ற இன்னொரு முறைப்பாட்டு மென்பொருளின் கொம்பனி தன் இலவசப் பதிப்பை 2020 முடிவோடு கைவிட்டது. ஒவ்வொரு இரவும் பக்அப் எடுத்து, ஒரு பிரதியை வேறு கட்டிடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதைத் திருப்பி ஏற்றியும் பாருங்கள். முறைப்பாட்டில் நோயாளியின் பெயரை எழுத வேண்டாமென்று வார்டுகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.