டிரெய்லருக்கு வின்ச்: வாசகர் கேள்வி, பதில்

ஓடாத கார், பவர் டில்லர், ஜெனரேட்டர் என்று எதையாவது டிரெய்லரில் ஏற்ற விலை குறைந்த எலெக்ட்ரிக் வின்ச் (டிரம் என்ற உருளையில் வடத்தைச் சுற்றிப் பாரத்தை இழுக்கும் கருவி) வாங்கலாமா என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பொள்ளாச்சியில கார் பட்டறை வெச்சிருக்கறனுங்க. நின்னுபோன வண்டிகளை எடுத்துட்டு வர 12 அடி டிரெய்லர் ஒண்ணு செஞ்சாச்சு. தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம், ராம்ப் 10 அடி. ஏத்துறதெல்லாம் 1,000 கிலோவுக்குள்ள இருக்கற சின்ன காருங்கதான். 2,000 பவுண்டு வின்ச் ஒண்ணு விலை கம்மியா கிடைக்குது. பெட்டி மேல 5,000 பவுண்டுன்னும் போட்டிருக்குது. அது போதுமுங்களா?

அந்த 5,000 என்ற எண்ணைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். சமதரையில் சக்கரம் தாராளமாக உருளும் வண்டியை எத்தனை எடை வரை நகர்த்தலாம் என்பதற்கான எண் அது. வின்ச்சின் உண்மையான இழுவை 2,000 பவுண்டுதான். பவுண்டைப் பாதியாக்கி அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய கிலோ வந்துவிடும். ஆக, சுமார் 900 கிலோ.

இப்போது உங்கள் தேவையைப் போட்டுப் பாருங்கள். உயரத்தை ராம்பின் நீளத்தால் வகுத்தால் இரண்டரைக்குப் பத்து, அதாவது கால் பங்கு. 1,000 கிலோ கார் முழுவதும் ராம்பில் நிற்கும்போது 250 கிலோ இழுவை வேண்டும். கெட்டித் தரையில் டயர் உருள்வதற்கு இன்னொரு 20 கிலோ. காற்று இறங்கிய டயர், ராம்ப் தளத்தோடு சேரும் இடத்து மேடு இவற்றுக்காக ஒன்றரை மடங்கு வைத்தால் 400 கிலோ. இதுவரை 2,000 பவுண்டு வின்ச் போதும் என்றுதான் தோன்றும்.

போதாமல் போவது இரண்டு இடங்களில். முதலாவது, பட்டறைக்கு வரும் வண்டி எல்லாமே உருளும் நிலையில் வராது. முன்சக்கரம் இரண்டும் பிரேக் பிடித்து இறுகியிருந்தால் அவற்றின் மேல் இருக்கும் ஏறக்குறைய 600 கிலோவை உருட்ட முடியாது, தேய்த்துத்தான் இழுக்க வேண்டும். அதற்கு மட்டும் 400 கிலோ போய்விடும். ராம்ப் ஏற்றத்துக்கான 250-ஐயும் சேர்த்தால் 650-ஐத் தாண்டும்.

இரண்டாவதைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்ல மாட்டார். பெட்டியில் எழுதியிருக்கும் இழுவை, டிரம்மில் முதல் அடுக்கு வடம் மட்டும் இருக்கும்போது கிடைப்பது. அடுக்கு ஏற ஏற டிரம்மின் விட்டம் பெருகும், இழுவை குறையும். 50 மி.மீ. டிரம்மில் 5 மி.மீ. வடம் என்றால் இரண்டாம் அடுக்கில் 85 சதவீதம், மூன்றாவதில் 73, நான்காவதில் 65. கார் ராம்பில் ஏறி முடிகிற நேரத்தில்தான் டிரம் நிறைந்திருக்கும். அப்போது உங்கள் 900 கிலோ வின்ச் இழுப்பது 590 கிலோவுக்கும் கீழே. இறுகிய சக்கரம் என்றால் பாதி ராம்பிலேயே நின்றுவிடும்.

3,500 பவுண்டு வகையை வாங்குங்கள். நான்காம் அடுக்கிலும் 1,000 கிலோ இழுக்கும். நாளைக்கு 1,600 கிலோ ஜீப் வகை வண்டியும் வரும் என்றால் 4,500 பவுண்டு. அதற்கு மேல் போக வேண்டாம். 9,500, 12,000 பவுண்டு என்பவை சேற்றில் புதைந்த வண்டியை மீட்பதற்கானவை. முழுச் சுமையில் 400 ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும், உங்கள் வேலைக்கு வீண் செலவு.

செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. வின்ச்சோடு 13, 15 மீட்டர் வடம் சுற்றி வரும். உங்கள் தளமும் ராம்பும் சேர்ந்து 22 அடி, ஆறரை மீட்டருக்குச் சற்று மேல். 75 மி.மீ. அகல டிரம்மில் 9 மீட்டர் வடம் மூன்று அடுக்கோடு முடிந்துவிடும். நான்காவது அடுக்கே வராது. கார் ராம்பின் அடியில் இருக்கும்போதும் டிரம்மில் பத்துச் சுற்றுக்கு மேல் மிச்சம் இருக்கும். கம்பி வடம் எப்போதும் ஐந்து சுற்றாவது டிரம்மில் இருந்தாக வேண்டும். வடத்தின் நுனியைப் பிடித்திருக்கும் சின்ன திருகு சுமையைத் தாங்காது, அந்தச் சுற்றுகளின் பிடிப்புதான் தாங்குகிறது. வெட்டுவதைக் கொக்கிப் பக்கம் வெட்டாமல் டிரம் பக்கம் வெட்டுங்கள். வெட்டும் இடத்துக்கு இருபுறமும் கட்டுக்கம்பியால் இறுகச் சுற்றிய பிறகே கட்டர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புரி பிரிந்துவிடும்.

ராம்பை 6 அடியாகக் குறைத்தால் என்ன என்று தோன்றலாம். சின்ன காரின் இரண்டு அச்சுக்கும் இடையே 8 அடி இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு அச்சுதான் ஏற்றத்தில் நிற்கும். அதனால் மோட்டாருக்குப் பாரம் அதிகமாகாது. ஆனால் முன் பம்பர் இடிக்கும், வண்டியின் வயிறு தளத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். 10 அடியே இருக்கட்டும்.

ஏற்றும்போது டிரெய்லரின் வால் பக்கத்துக்கு அடியில் இருபுறமும் ஜாக்கியோ கட்டையோ முட்டுக் கொடுக்க மறக்க வேண்டாம். காரின் முன்சக்கரம் வாலில் ஏறியதும் டிரெய்லர் பின்னால் சாயும், முன்னால் இழுக்கும் வண்டியின் பின்சக்கரத்தையே மேலே தூக்கப் பார்க்கும். ஹேண்ட் பிரேக் பிடித்திருப்பது அந்தப் பின்சக்கரத்தில்தான்.

தாராபுரம் பக்கம் தோட்டம். வின்ச்சுக்கு இழுக்கும் வண்டியின் பேட்டரியிலிருந்தே ஒயர் கொண்டுபோகலாமா? வீட்டில் இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய டியூபுலர் பேட்டரியும் ஒன்று இருக்கிறது.

விலை குறைந்த வின்ச் கெட்டுப்போனது என்று சொல்பவர்களில் பலருக்கும் கெட்டது வின்ச்சாக இருக்காது, ஒயராகத்தான் இருக்கும். 3,500 பவுண்டு வின்ச் ஒரு காரை ஏற்றும்போது 100 ஆம்பியர் வரை எடுக்கும், திணறினால் 180, 200 வரை போகும். பானெட்டுக்குள்ளிருந்து டிரெய்லர் மூக்கு வரை 7 மீட்டர் என்றால், போக வர 14 மீட்டர். 16 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 100 ஆம்பியருக்கே 1.6 வோல்ட் வழியிலேயே தொலையும். 35 சதுர மி.மீ. போட்டால் முக்கால் வோல்ட். அந்தத் தடிமனில் 14 மீட்டர் செம்பு வாங்குகிற காசுக்கு டிரெய்லரிலேயே ஒரு பேட்டரி வைத்துவிடலாம்.

வின்ச்சுக்கு ஒரு மீட்டருக்குள் பேட்டரிப் பெட்டி, இரண்டு துண்டு 25 சதுர மி.மீ. ஒயர், அவ்வளவுதான். வெல்டிங் கேபிள் நன்றாக வளையும், இதற்குப் பொருத்தம். ஆனால் கடையில் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது அலுமினியம். ஒயர் நுனியில் மாட்டும் லக்கைச் சுத்தியால் தட்டி நசுக்காமல் கிரிம்ப் கருவியில் அழுத்துங்கள். எர்த்தை டிரெய்லர் சேஸிஸில் பிடித்து, கொக்கிப் பந்து வழியாகத் திரும்பி வரட்டும் என்று விட வேண்டாம். அந்தப் பந்தில் கிரீஸும் துருவும்தான் இருக்கும். நெகட்டிவ் ஒயரும் நேராகப் பேட்டரிக்கே வரட்டும்.

டியூபுலர் வேண்டாம். பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் கொடுக்கச் செய்த பேட்டரி அது, 100 ஆம்பியர் ஒரே மூச்சில் கேட்டால் வோல்டேஜ் விழுந்துவிடும். உயரமான பெட்டி வேறு, குண்டும் குழியுமான இட்டேரியில் ஆசிட் சிந்தும். டிராக்டருக்குப் போடும் 12 வோல்ட், 80 முதல் 100 ஆம்பியர்-மணி பேட்டரி சரியான தேர்வு. ஒரு காரை ஏற்ற, இடையில் கொடுக்கும் ஓய்வு போக, மோட்டார் மூன்று, நான்கு நிமிடம் ஓடும், அதற்கு 5, 6 ஆம்பியர்-மணி செலவாகும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி காலியாவதற்குள் எட்டு வண்டி ஏற்றிவிடலாம். பிறகு வீட்டில் 10 ஆம்பியர் சார்ஜரில் இரவு போட்டுவிட்டால் போதும். ஓடும்போதே சார்ஜ் ஆகட்டும் என்று இழுக்கும் வண்டியிலிருந்து மெல்லிய ஒயர் கொடுத்திருந்தால், வின்ச் இயக்கும் முன் அந்தப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஒயரின் ஃபியூஸ் போகும். ஃபியூஸே போடவில்லை என்றால் ஒயர் எரியும்.

பல்லடம் வாசகர்: ரிமோட்டிலிருந்து கையை எடுத்தும் வின்ச் நிற்கவில்லை. கார் போய் முட்டியபிறகுதான் நின்றது. வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது.

ரிமோட் சொல்கிறபடி மோட்டாருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான கான்டாக்டர் ஒட்டிக்கொண்டது. மேலே சொன்ன வோல்டேஜ் விழுவதன் அடுத்த கட்டம் இது. வோல்டேஜ் குறைந்தால் கான்டாக்டரின் மின்காந்தச் சுருள் முனைகளை அழுத்திப் பிடிக்க முடியாமல் படபடவென்று அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் பொறி பறக்கும். ஒரு கட்டத்தில் இரண்டு முனையும் உருகி ஒன்றாகிவிடும். அதன்பிறகு ரிமோட் என்ன சொன்னாலும் கேட்காது.

கான்டாக்டரை மாற்றுங்கள், பழையதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்ட வேண்டாம். ஆனால் ஒயரையும் பேட்டரியையும் சரிசெய்யாமல் கான்டாக்டரை மட்டும் மாற்றினால் அடுத்ததும் ஒட்டிக்கொள்ளும். கூடவே பேட்டரி பாசிட்டிவ் ஒயரில், கை எட்டும் தூரத்தில், கரண்டை முழுவதும் துண்டிக்கும், திருகும் ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். வின்ச் இயக்குபவர் அதன் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். வேலை இல்லாதபோது அது ஆஃபில் இருக்கட்டும். ஒயர்லெஸ் ரிமோட்டோடு வந்திருந்தாலும் ஒயர் வைத்த ரிமோட் ஒன்றைப் பெட்டியில் வைத்திருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மோட்டார்கள் தொடர்ந்து ஓடச் செய்தவை அல்ல. பாரத்தோடு ஒரு நிமிடம் இழுத்தால் சில நிமிடம் ஓய்வு கொடுங்கள், மோட்டார் மேல் கை வைக்க முடியாத சூடு இருந்தால் ஆறும் வரை நிறுத்துங்கள்.

சோமனூர்: 230 வோல்ட்டில் ஓடும் சின்ன ஹாய்ஸ்ட் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதே, ஜெனரேட்டர் வைத்து அதையே டிரெய்லரில் மாட்டலாமா?

கூடாது. அது நேர் செங்குத்தாகத் தூக்கச் செய்தது. வடம் மெல்லியது, கிடையாக இழுத்தால் டிரம்மில் ஒரே ஓரமாகக் குவிந்து நழுவும், லிமிட் சுவிட்சும் அந்த நிலையில் வேலை செய்யாது. தறிக் குடோனுக்குள் உத்தரத்தில் தொங்கவிட்டுப் பாவு பீம் தூக்க வைத்துக்கொள்ளுங்கள், அதன் எடை வரம்புக்குள்.

கம்பி வடம் நல்லதா, சிந்தெடிக் ரோப்பா? (காங்கேயம்)

டிரெய்லர் வருடம் முழுக்க வெயிலில் நிற்கிறது என்றால் கம்பி வடம்தான். சிந்தெடிக் ரோப் லேசானது, கையைக் கிழிக்காது, அறுந்தாலும் அவ்வளவாக விசிறி அடிக்காது. ஆனால் வெயில் அதன் நாரைத் தின்றுவிடும், புழுதியும் மணலும் உள்ளே புகுந்து அறுக்கும். டிரம்முக்குள்ளேயே பிரேக் இருக்கும் மலிவு வின்ச்களில் இன்னொரு ஆபத்து உண்டு. பாரத்தோடு காரை மெதுவாக இறக்கும்போது பிரேக் சூடாகி டிரம்மும் சூடேறும், உள் அடுக்கு ரோப் உருகும். அப்படியும் சிந்தெடிக்தான் வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் உருளைகளைக் கழற்றிவிட்டு வழவழப்பான அலுமினிய வழிகாட்டி மாட்டுங்கள். கம்பி வடம் ஓடிய உருளையில் சுரண்டல் இருக்கும், அது புது ரோப்பை ஒரே மாதத்தில் பிய்த்துவிடும்.

கம்பி வடத்தைத் தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இழுக்கும்போது வடத்தின் நடுவில் நனைத்த கோணிச்சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் அதன் எடை வடத்தைக் கீழே அமுக்கும். வடம் போகும் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, காருக்குள்ளே ஸ்டியரிங் பிடிப்பவரைத் தவிர. காரில் கொக்கி மாட்டுவது இழுவைக் கண்ணில் மட்டும். பம்பரிலும் சஸ்பென்ஷன் கையிலும் மாட்ட வேண்டாம்.

சங்ககிரி: லாரியில் 24 வோல்ட் இருக்கிறது. 12 வோல்ட் வின்ச்சை ஒரு பேட்டரியில் மட்டும் கொடுக்கலாமா?

ஓடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் காலியாகி, சார்ஜ் ஏறும்போது மற்றது பொங்கும். சில மாதத்தில் இரண்டும் போய்விடும். 24 வோல்ட் வின்ச்சே வாங்குங்கள். ஆம்பியர் பாதியாகும், ஒயரும் மெலியும்.

கோவை: செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு 450 கிலோ ரேஸ் கார் கொண்டுபோக டிரெய்லர் தயார் செய்கிறோம். எந்த எலெக்ட்ரிக் வின்ச்?

எதுவும் வேண்டாம். தளத்தை ஒன்றரை அடி உயரத்துக்கு இறக்கி 12 அடி ராம்ப் போடுங்கள். எட்டுக்கு ஒன்று சாய்வு, 450 கிலோவுக்கு 56 கிலோ, உருள்வதற்கு 10 கிலோ. 1,200 பவுண்டு கை வின்ச், கைப்பிடியை விட்டால் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ள வகை, தாராளம். தாழ்வான மூக்குக்கும் நீள ராம்ப்தான் காப்பு. மிச்சமாகும் பணத்தில் நல்ல ராட்செட் பெல்ட் நான்கு வாங்குங்கள். கை வின்ச்சோ எலெக்ட்ரிக்கோ, ஏற்றிய வண்டியை அதன் வடத்தை நம்பி ரோட்டில் கொண்டுபோகக் கூடாது. நான்கு சக்கரத்தையும் பெல்ட்டால் தளத்தோடு கட்டிய பிறகு வின்ச் வடத்தைச் சற்றுத் தளர்த்திவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வேகத்தடையின் அதிர்ச்சியும் கியர் பல்லில்தான் போய் இறங்கும்.