சதுரத் துளையுள்ள பழங்காசுகளின் எழுத்தை அடையாளம் காண்பது எப்படி?

அருங்காட்சியகப் பேழையில் ‘கீழைநாட்டுக் காசுகள்’ என்ற ஒற்றைக் குறிப்போடு வைக்கப்பட்டிருந்த, நடுவில் சதுரத் துளையுள்ள செப்புக் காசுகளில் இருப்பது எந்த மொழி, எக்காலத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விவரிக்கும் நான்கு எழுத்துகளும் சீன எழுத்துகளே. ஆயினும் ஜப்பான், கொரியா, வியட்நாம் ஆகிய நாடுகளும் இதே எழுத்தில் இதே வடிவக் காசுகளை வார்த்துள்ளமையால், காசு சீனாவுடையதுதான் என்று உடனே சொல்லிவிட முடியாது.

முதலில் காசை நேராக வைக்க வேண்டும். நான்கில் கோடுகள் மிக நெருங்கி, மேலே கூரையும் அடியில் இரு குறுங்கால்களும் கொண்ட எழுத்து ‘பாவ்’; அது இடப்பக்கம் வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள். அடியில் நீண்ட வால் இழுபடும் ‘துங்’ என்னும் எழுத்து வலப்பக்கம் இருந்தால் மேல், கீழ், வலம், இடம் என்ற வரிசையிலும், கீழே இருந்தால் மேலிருந்து வலஞ்சுழியாகவும் படிக்க வேண்டும். எஞ்சும் இரண்டு எழுத்துகள் பெரும்பாலும் அரசரின் ஆட்சிக்காலப் பெயர். நான்குக்குப் பதில் இரண்டே எழுத்துகள் இருந்தால், அது கி.மு. 118-இல் தொடங்கிய ‘வூ சூ’ போன்ற, எடையைப் பெயராகக் கொண்ட பழைய காசாக இருக்கலாம்.

பெயரைப் படித்ததோடு பலர் நின்றுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ‘யுவான்ஃபெங்’ என்பது சீனாவின் வடசோங் அரசின் 1078–1085 காலப் பெயர். ஆனால் ஜப்பானின் நாகசாகியிலும் 1659 முதல் 1685 வரை அதே நான்கு எழுத்துகளோடு ஏற்றுமதிக்காகவே காசு வார்த்தார்கள். எழுத்தின் வளைவையும் விளிம்பின் அகலத்தையும் அறியப்பட்ட காசுகளோடு ஒப்பிட்டால்தான் இவற்றைப் பிரிக்க முடியும்.

மற்றவற்றுக்குப் பின்பக்கமே நல்ல சான்று. அதைத்தான் அருங்காட்சியகங்கள் துணியில் கவிழ்த்து மறைத்துவிடுகின்றன. துளையின் இருபுறமும் செங்குத்தாக, கொக்கியும் சுழியுமாக மஞ்சு மொழியின் எழுத்து இருந்தால் அது சீனாவின் கடைசி அரச மரபான, அம்மொழியினரின் சிங் மரபுக் காசு. வலப்பக்கச் சொல் அக்கசாலையின் பெயர். அலைக்கோடுகள் இருந்தால், பெரும்பாலும் ஜப்பானில் 1768 முதல் வந்த நான்கு மோன் (அந்நாட்டுப் பழைய நாணய அலகு) மதிப்புள்ள ‘கான்எய்’ காசு. துளைக்கு மேலே வார்த்த அலுவலகத்தின் குறியெழுத்து தனியே நின்றால், கொரியாவின் ‘சாங்பியோங்’ காசா என்று பாருங்கள்.

காசு கிடைத்த இடத்தையும் அருங்காட்சியகப் பதிவேட்டில் கேட்டறியுங்கள். தஞ்சை வட்டாரத்திலும் இலங்கையின் யாப்பகுவையிலும் சோங் காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன. 1077-இல் வந்த சோழத் தூதுக்குழுவுக்கு 81,800 சரம் (துளைவழியே கயிற்றில் கோத்த கட்டு) செப்புக்காசு அளிக்கப்பட்டதாகச் சீன ஆவணங்கள் குறிக்கின்றன. எனவே தமிழ்நாட்டு மண்ணிலிருந்து எடுத்த சோங் காசு அக்காலக் கடல்வணிகச் சான்றாக இருக்கலாம். பிற்காலச் சேகரிப்பாளர் ஒருவர் கொடையாக அளித்த காசுக்கு அந்த மதிப்பு இராது.

இரு பக்கங்களையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, விட்டத்தையும் எடையையும் சேர்த்துப் பதிவிட்டால், குறிப்பிட்ட காசைப் பற்றி மேலும் சொல்ல இயலும்.