தணிக்கைத் தலைவரின் வீட்டில் ஒளிந்திருந்த கையெழுத்துப் பிரதிகள்

கேள்வி: நவீன காலத்தின் தொடக்கத்தில் ஐரோப்பிய அரசுகள் புதிய சிந்தனைகளை நசுக்கினவா, வளர்த்தனவா?

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. பதினெட்டு வருடம் அச்சகங்களில் புரூஃப் திருத்தியவன். அதனால் இந்தக் கேள்விக்கு என் மனதுக்கு நெருக்கமான ஒரே ஒரு புத்தகத்தின் கதையை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். எழுத்தாளர் திதரோவும் கணித அறிஞர் தாலம்பேரும் ஆசிரியர்களாகப் பொறுப்பேற்று, 1751இல் பாரிஸில் வெளிவரத் தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் அது.

திதரோவின் மகள் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவம் வருகிறது. நாட்டின் புத்தகத் தொழில் முழுவதையும் மேற்பார்க்கும் அரசு அதிகாரி மல்செர்ப். தணிக்கையாளர்கள் எல்லோரும் அவருக்குக் கீழேதான். அவர் திதரோவுக்குச் சொல்லியனுப்புகிறார்: "நாளை உங்கள் காகிதங்களைப் பறிமுதல் செய்ய உத்தரவு போடப்போகிறேன்." திதரோ பதறிப்போகிறார். இத்தனை கட்டுக் காகிதத்தை ஒரே நாளில் எங்கே கொண்டுபோய் வைப்பது, யார் துணிந்து வாங்கி வைப்பார்கள்? அதற்கு மல்செர்ப் சொன்ன பதில்: எல்லாவற்றையும் என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே யாரும் தேடி வரமாட்டார்கள்.

உத்தரவு போட்டவரும் ஒளித்து வைத்தவரும் ஒரே ஆள். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரசு என்றால் ஒரே தலை, ஒரே கை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றைய பிரான்சில் ஒரு புத்தகம் சட்டப்படி வெளிவர அரசரின் உரிமம் வேண்டும். தணிக்கையாளர் கையெழுத்துப் பிரதியைப் படித்து ஒப்புதல் எழுதுவார். அந்த ஒப்புதல் அவர் பெயரோடு புத்தகத்திலேயே அச்சாகும். உரிமம் வாங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை வேறு யாரும் அடித்து விற்க முடியாது. எழுதுபவரைக் கட்டிப்போடும் அதே காகிதம்தான் பதிப்பாளர் போட்ட பணத்துக்குக் காவல். இதை விட்டுவிட்டால் மற்றது எதுவும் புரியாது. கலைக்களஞ்சியத்துக்கு லெ பிரெத்தோன் என்ற அச்சக உரிமையாளரும் வேறு மூன்று பதிப்பாளர்களும் சேர்ந்து முதல் போட்டிருந்தார்கள். முதலில் 1,625 பிரதி என்று போட்ட கணக்கு, சந்தா குவியக் குவிய 4,225க்குப் போனது. எத்தனை அச்சுக்கோப்பவர்கள், காகித ஆலைக்காரர்கள், பைண்டர்கள், செப்புத் தகடு செதுக்குபவர்கள் இதை நம்பிப் பிழைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

1749இல் திதரோ வன்சென் கோட்டையில் மூன்று மாதத்துக்கும் மேலாகச் சிறையில் இருந்தார். பார்வையற்றவர்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் கடவுள் நம்பிக்கையையே கேள்வி கேட்டிருந்தார் என்பது காரணம். அவரை விடச்சொல்லி அதிகாரிகளிடம் மன்றாடியவர்கள் இந்தப் பதிப்பாளர்கள். அவர் உள்ளே இருந்தால் வேலை நின்றுவிடும் என்றுதான் மனுப் போட்டார்கள். அரசு கருத்துரிமைக்காக இரங்கியதோ இல்லையோ, நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்காக இரங்கியது.

1752 பிப்ரவரியில் முதல் இரண்டு தொகுதிகளுக்கும் அரசவை தடை போட்டது. ஆனால் மொத்த உரிமத்தை ரத்து செய்யவில்லை. கொஞ்ச காலத்தில் வேலை மறுபடி தொடங்கிவிட்டது. மல்செர்ப்பின் கணக்கு எளிமையானது. இங்கே தடுத்தால் ஹாலந்தில் அடிப்பார்கள். பணமும் தொழிலும் அங்கே போகும், புத்தகம் மட்டும் கள்ளத்தனமாகத் திரும்பி வரும். அதனால் அவர் காலத்தில் 'மௌன அனுமதி' என்ற வழக்கம் பெருகியது. அரச முத்திரை கிடையாது, தணிக்கையாளர் பெயரும் அச்சாகாது. தலைப்புப் பக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் என்றோ லண்டன் என்றோ போட்டுவிட்டுப் பாரிஸிலேயே விற்கலாம். அரசின் முறையான ஒப்புதலோடு வந்த புத்தகங்களை மட்டும் படித்த ஒருவர் தன் காலத்து மனிதர்களைவிடக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு பின்தங்கியிருப்பார் என்று அவரே பின்னாளில் எழுதினார். தணிக்கைத் துறையைப் பதின்மூன்று ஆண்டுகள் நடத்தியவர் சொன்னது இது.

1757 ஜனவரியில் தாமியேன் என்பவன் பதினைந்தாம் லூயி மன்னரைக் கத்தியால் குத்தினான். காயம் சிறியது, பயம் பெரியது. சில மாதங்களில், மதத்தையும் அரச அதிகாரத்தையும் தாக்கி எழுதினால் மரண தண்டனை என்று அரசாணை வந்தது. அடுத்த ஆண்டு எல்வேசியூஸ் எழுதிய 'மனம் குறித்து' என்ற நூல் முறையான உரிமத்தோடுதான் வெளிவந்தது. பெரும் கூச்சல் கிளம்பி, உரிமம் பறிபோய், நூல் எரிக்கப்பட்டது. அதற்கு ஒப்புதல் எழுதிய தணிக்கையாளர் தெர்சியே வெளியுறவுத் துறையில் தான் வகித்த பதவியை இழந்தார். 1759 மார்ச் 8 அன்று கலைக்களஞ்சியத்தின் உரிமமும் ரத்து. அப்போது ஏழு தொகுதிகள்தான் வந்திருந்தன. தாலம்பேர் அதற்கு முன்பே சோர்ந்து ஆசிரியப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். அந்த ஆண்டு போப்பும் நூலைக் கண்டித்தார்.

ஜூலையில் இன்னொரு உத்தரவு: சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் 72 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) திருப்பிக் கொடுக்க வேண்டும். பதிப்பாளர்களைத் தெருவில் நிறுத்தியிருக்க வேண்டிய உத்தரவு இது. பணம் கேட்டு ஒருவர்கூட வரவில்லை என்கிறார்கள். செப்டம்பரில் அதே அரசு, அதே பதிப்பாளர்களுக்குப் படத் தொகுதிகள் மட்டும் வெளியிடப் புதிய உரிமம் கொடுத்தது. 72 லீவ்ரை அதில் கழித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. படங்களின் பெயரில் அச்சகம் இயங்கியது. எழுத்துத் தொகுதிகளும் உள்ளே சத்தமில்லாமல் வளர்ந்தன. ஜோக்கூர் என்ற பிரபு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினார். மொத்தக் கட்டுரைகளில் கிட்டத்தட்ட கால் பங்கு, ஏறக்குறைய 17,000, அவர் எழுதியவை. அவர் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எட்டு முதல் பதினேழு வரையிலான பத்துத் தொகுதிகளும் 1766 தொடக்கத்தில் சந்தாதாரர்களுக்கு ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தன. தலைப்புப் பக்கத்தில் அச்சிட்ட இடம் பிரான்சுக்கு வெளியே இருந்த நெஷாத்தெல் நகரம் என்று பொய்யாகப் போட்டிருந்தது. அப்போது புத்தகத் துறையும் பாரிஸ் காவல் துறையும் சார்தீன் என்ற ஒருவரின் கையில் இருந்தன. அவருக்குத் தெரியாமல் இது நடந்திருக்க வழியில்லை. அந்த வசந்த காலத்தில் லெ பிரெத்தோன், வெர்சாய் அரண்மனை வட்டாரத்துக்கும் பிரதிகளை அனுப்பினார் என்று ஒரு வாரம் பஸ்தில் சிறையில் வைக்கப்பட்டார். கண்ணை மூடிக்கொள்ளத் தயாராக இருந்த அரசு, கண்ணெதிரே கொண்டுவந்து நீட்டியதைப் பொறுக்கவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, 'அப்படியானால் அரசு வளர்த்தது' என்று யாராவது முடிவுக்கு வந்தால், அடுத்ததையும் படித்துவிடுங்கள். என்னைப் போன்ற புரூஃப்காரனுக்கு நெஞ்சில் தைப்பது இதுதான்.

1764 நவம்பரில் திதரோ 'எஸ்' வரிசையில் தன் கட்டுரை ஒன்றை எதற்கோ எடுத்துப் பார்த்தார். அது அவர் எழுதிய கட்டுரையாக இல்லை. வேறு கட்டுரைகளைப் புரட்டினார், அவையும் அப்படியே. அவர் கடைசி புரூஃப் பார்த்து, அச்சுக்குப் போகலாம் என்று ஒப்புதல் கொடுத்த பிறகு, லெ பிரெத்தோனும் அவருடைய அச்சக மேற்பார்வையாளரும் ரகசியமாக உட்கார்ந்து, தங்களுக்கு ஆபத்து என்று தோன்றியதையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். ஐயவாதத் தத்துவத்தைப் பற்றிய கட்டுரையும் சாரசேனியர்களைப் (அரபு முஸ்லிம்களை ஐரோப்பியர் அழைத்த பழைய பெயர்) பற்றிய கட்டுரையும் அப்படிச் சிதைந்தவற்றில் அடக்கம். தொகுதிகள் பெரும்பாலும் அச்சாகி முடிந்திருந்தன. மூலப் பிரதிகள் எரிக்கப்பட்டுவிட்டன.

எந்தத் தணிக்கையாளரும் அந்தப் பக்கங்களைக் கேட்கவில்லை. எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை. மன்னரின் ஆட்கள் பார்க்காமல் விட்டதை, நாளை பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் அச்சகக்காரர் தாமே வெட்டினார். திதரோ அவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கூலி வாங்காமல் நேரத்தையும் திறமையையும் தூக்கத்தையும் கொடுத்த இருபது நல்ல மனிதர்களின் உழைப்பைக் கொன்றுவிட்டீர்கள் என்று அதில் கொதிக்கிறார். ஆனால் வெளியே சொல்ல முடியவில்லை. சொன்னால் சந்தாதாரர்கள் கலைவார்கள், ரகசியமாக அச்சடிப்பதும் அம்பலமாகும். வாயை மூடிக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்தார்.

ஒப்புதலான புரூஃபில் ஒரு காற்புள்ளியை மாற்றுவதற்கே நாங்கள் ஆசிரியரிடம் ஆள் அனுப்புவோம். அவர் ஊரில் இல்லை என்றால் அச்சுக்குக் கோத்து வைத்த ஃபாரம் அப்படியே காத்திருக்கும். அதனால் நசுக்கினவா, வளர்த்தனவா என்று என்னைக் கேட்டால், நான் அரசவை உத்தரவுகளை எண்ணமாட்டேன். மல்செர்ப்பைப் போன்ற ஒருவர் நாற்காலியில் இருந்தபோது கிடைத்த இடைவெளியும், லெ பிரெத்தோன் மனதில் அந்த உத்தரவுகள் விதைத்த பயமும் ஒரே அரசின் விளைவுகள்தான். முன்னது அதிகாரியின் நல்ல மனதை நம்பி நின்றது. 1763இல் மல்செர்ப் பதவியை விட்டுப் போனார். பயம் போகவில்லை.

வெட்டப்பட்ட புரூஃப் தாள்களில் ஒரு பகுதி பிழைத்திருக்கிறது. லெ பிரெத்தோனுடையது என்று கருதப்படும் கலைக்களஞ்சியத் தொகுப்பு ஒன்றில், பதினேழு தொகுதிகளோடு கூடுதலாக ஒரு தொகுதியாக அவை பைண்டு செய்யப்பட்டிருந்தன. 1947இல் இரண்டு அமெரிக்க அறிஞர்கள் அவற்றை அச்சில் கொண்டுவந்தார்கள். அப்போது திதரோ இறந்து 163 ஆண்டுகள் ஆகியிருந்தன.