நெஞ்சில் நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்தால்…

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்ட் ஷீட் தொழிற்சாலையில் மூட்டை பிரித்துக் கொட்டும் வேலையில் 22 வருடம் இருந்தார். வேலையை விட்டே 15 வருடமாகிறது. வலது பக்க நெஞ்சில் நீர் கோத்து இரண்டு முறை எடுத்தார்கள். டிபி என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் நீர் சேர்கிறது. இப்போது மீசோதெலியோமாவாக இருக்கலாம் என்கிறார்கள். அவர் பீடி, சிகரெட் தொட்டதே இல்லையே?
– வாசகி, சேலம்

பதில்: மீசோதெலியோமாவுக்கும் புகைப்பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. (கல்நார் தூசியோடு புகையும் சேர்ந்தால் பல மடங்கு ஏறுவது நுரையீரல் புற்றுநோய். அது வேறு நோய்.) நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய் இது; சிலருக்கு வயிற்று உறையிலும் வரும். மூச்சோடு உள்ளே போன கல்நார் இழையை உடம்பால் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அந்த இடத்தில் ஓயாத அழற்சி. புற்றாக மாற 20 முதல் 50 வருடம் பிடிக்கும். அதனால்தான் வேலையை விட்டு இத்தனை வருடம் கழித்து வருகிறது.

டிபி என்று முதலில் நினைத்ததில் வியப்பில்லை. நம் ஊரில் ஒரு பக்கம் நீர் கோத்தால் பெரும்பாலும் டிபிதான். இரண்டு நோயிலும் நீரில் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் மிகுந்திருக்கலாம். எடுத்த நீரை மட்டும் பார்த்து 'கேன்சர் செல் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதியடையாதீர்கள். மீசோதெலியோமா நீரில் பல நேரம் பிடிபடாது. கான்ட்ராஸ்ட் சி.டி. (சாய ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன்) எடுத்துவிட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளையிட்டுக் கேமரா குழாயால் உறையைப் பார்த்தபடியே சதை எடுக்கும் தோரகாஸ்கோபிதான் நம்பகமான வழி. அந்தச் சதைக்கு இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, அதாவது செல்லில் என்னென்ன புரதம் இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்க்கும் சோதனை, அவசியம். கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1 போன்ற புரதங்கள் பாசிட்டிவாகவும், டி.டி.எஃப்.1, சி.இ.ஏ. நெகட்டிவாகவும் வருவது மீசோதெலியோமா பக்கம் காட்டும். ரிப்போர்ட்டில் செல்லின் வகை எபிதீலியாய்டா, சார்கோமடாய்டா, இரண்டும் கலந்ததா என்று இருக்க வேண்டும். எபிதீலியாய்டு வகைதான் ஓரளவு மெதுவாகப் போகும்.

ஒரு முழுத்தாளில் அப்பாவின் வேலையை எழுதி ஃபைலின் மேலேயே வையுங்கள்: எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்தப் பிரிவு, மூட்டையைக் கையால் கிழித்தாரா, முகத்தில் என்ன கட்டியிருந்தார். டாக்டர் பெரும்பாலும் 'என்ன வேலை?' என்று கேட்பார். 'கம்பெனி வேலை, ரிட்டயர்டு' என்று நாம் சொல்லி முடித்துவிடுகிறோம். நோயறிய உதவும் மிகப் பெரிய துப்பு அங்கேயே போய்விடுகிறது.

இன்னொன்று: 1995-ல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருடம், இதில் எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்பா சேர்ந்து 37 வருடம்தான் ஆகிறது. இப்போதே எழுத்துமூலம் கேளுங்கள். கல்நாரால் வரும் மீசோதெலியோமா, தொழில்சார் நோய்களின் சட்டப் பட்டியலிலும் இருக்கிறது. இழப்பீடு கேட்க அந்தப் பதிவு உதவும்.

கேள்வி: நோய் உறுதியானால் சிகிச்சை என்ன?
– அதே வாசகி

பதில்: மறைக்காமல் சொல்கிறோம். முழுதாகக் குணமாவது மிக அரிது. 2003-ல் வெளியான ஆய்வில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 9.3 மாதம், அதோடு பெமெட்ரெக்செட் என்ற இன்னொரு கீமோ மருந்தும் சேர்த்தவர்களுக்கு 12.1 மாதம். இன்றும் 21 நாளுக்கு ஒருமுறை கொடுக்கப்படும் கீமோ இந்தக் கூட்டுதான். நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துகளும் வந்திருக்கின்றன. விலைதான் மலைக்க வைக்கும்.

பெமெட்ரெக்செட் தொடங்க ஒரு வாரம் முன்பே ஃபோலிக் ஆசிட் தினமும் ஆரம்பிக்க வேண்டும்; பி12 ஊசி 1000 மைக்ரோகிராம் அதே வாரம், பிறகு ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை. இதை விட்டால் வெள்ளணு சரிந்து, வாயெல்லாம் புண்ணாகிவிடும். ஃபோலிக் ஆசிட் நாளுக்கு 400 முதல் 1000 மைக்ரோகிராம் போதும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரை அதைவிடப் பல மடங்கு, டாக்டரிடம் அளவைக் கேட்டே வாங்குங்கள்.

மூச்சுத்திணறலுக்கு, நீர் மறுபடி சேராதபடி டால்க் பவுடர் தூவி உறையை ஒட்டவைக்கலாம், அல்லது வீட்டிலேயே நீர் எடுக்கும் குழாயைப் பொருத்தலாம். வலி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அம்மாதான் அப்பாவின் காக்கிச் சட்டையைத் தினமும் துவைத்தார். அவருக்கும் பயமா?
– அதே வாசகி

பதில்: சட்டையை உதறும்போது இழை பறக்கும், அப்படி நோய் வந்த மனைவியர் உலகெங்கும் உண்டு. 1960-ல் தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் பகுதியில் 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி வாக்னர் என்ற மருத்துவரின் குழு எழுதியபோதே, கல்நார்ச் சுரங்கத்தில் கால் வைக்காமல் பக்கத்தில் வாழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனையும் கிடையாது. புதிதாக மூச்சிரைப்போ ஒரு பக்க நெஞ்சுவலியோ வந்தால் இந்த விவரத்தோடு போகட்டும், அது போதும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கூரை 25 வருட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பாசியைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் இரண்டுமே கூடாது. இழை சிமென்ட்டுக்குள் பிடிபட்டிருக்கும்வரை ஆபத்து குறைவு. அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும்தான் தூசியாகிறது. ஷீட்டை மாற்றினால் சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுதாக இறக்கச் சொல்லுங்கள். மேலே ஏறி மிதித்தால் உடைந்து ஆள் விழுவார். கைக்குட்டை கட்டினால் இழை நிற்காது, என்95 மாஸ்க்கும் போதாது; பி100 வடிகட்டியுள்ள மாஸ்க் வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் துண்டுகளையும் தடித்த பாலிதீனில் இரண்டு சுற்று கட்டுங்கள். உடைந்த துண்டைத் தெருப் பள்ளத்தில் கொட்டி நிரப்பாதீர்கள். அதன்மேல் வண்டி ஓட ஓட, அங்கே விளையாடும் பிள்ளைகள்தான் சுவாசிப்பார்கள்.